பாலக்லாவாவிலிருந்து லியேஜ் வரை: ஒரு குல்லாயின் பயணம்

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டு மிதிவண்டியில் வரும் பால்காரரின் தலையில் ஒரு துண்டு இருக்கும். அதன் முனை காதுகளை மூடிக் கழுத்தைச் சுற்றி வந்து தாடைக்குக் கீழே செருகப்பட்டிருக்கும். உதகையிலோ கொடைக்கானலிலோ என்றால் துண்டின் இடத்தில் குரங்குக் குல்லாயைக் காணலாம். தலை, காது, கழுத்து அனைத்தையும் ஒருசேர மூடிக்கொண்டு முகத்தில் ஒரு சிறு சாளரம் மட்டும் திறந்து வைக்கும் அந்தக் கம்பளிக் குல்லாயை அணிந்தவரைப் பார்த்து நாம் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் சிரித்திருப்போம்.

அந்தச் சிரிப்புதான் இக்கட்டுரைக்கு வித்து. நம் குழுவின் நண்பர் ஒருவர் மேற்படிப்புக்காகச் சுவீடன் நாட்டின் உப்சாலா நகருக்குச் சென்றிருந்தார். அவ்வூரில் குளிர்காலத்திலும் மாணவர்கள் மிதிவண்டியில்தான் பல்கலைக்கழகம் செல்வர். நண்பரும் சென்றார். முதல் குளிர்காலத்திலேயே அவருக்குத் தொண்டையில் அரம் கொண்டு அராவியது போன்ற எரிச்சலும், வண்டியை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் அடங்காத இருமலும் தொடங்கின. ஊரிலிருந்து அவர் தாயார் தொலைபேசியில் சொன்ன மருந்து ஒன்றே: "மஃப்ளரால வாயை மூடிக்கிட்டுப் போப்பா. குளிர் நெஞ்சுக்குள்ள போயிடும்." நண்பர் இதை எங்களுக்கு நகைச்சுவையாக எழுதியனுப்பினார். காற்றை மூக்கால் இழுத்துத்தானே ஆகவேண்டும், ஒரு முழத் துணி குளிரை எப்படித் தடுக்கும் என்பது அவர் வாதம்.

தாயார் சொன்னது சரியா, மகன் சிரித்தது சரியா? இதற்கு விடை தேடப் புகுந்தபோது, ஒரு போர்க்களம், இந்தியாவில் பணிபுரிந்த ஒரு மருத்துவர், பனி கொட்டிய ஒரு மிதிவண்டிப் பந்தயம் ஆகிய மூன்றையும் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அந்த வழியில் வாசகர்களையும் அழைத்துச் செல்கிறோம்.

துறைமுகத்தின் பெயர் குல்லாய்க்கு வந்தது

ஆங்கிலத்தில் குரங்குக் குல்லாய்க்குப் பாலக்லாவா என்று பெயர். அது கருங்கடலின் கரையில், கிரிமியத் தீபகற்பத்தில் உள்ள ஒரு சிறு துறைமுகம். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில், செவாஸ்தபோல் கோட்டையை முற்றுகையிட்ட பிரிட்டிஷ் படைக்கு அதுவே பண்டசாலை. 1854 அக்டோபர் 25 அன்று அங்கு நடந்த போரும், அதில் பீரங்கிகளை நோக்கிக் குதிரைப்படையொன்று பாய்ந்து அழிந்ததும் வரலாற்றில் புகழ் பெற்றவை. ஆனால் நம் கதைக்கு அந்த நாளைவிட முக்கியமானது மூன்று வாரங்கள் கழித்து வந்த ஒரு புயல்.

1854 நவம்பர் 14 அன்று அடித்த சூறாவளியில் துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்கள் பாறைகளில் மோதி நொறுங்கின. அவற்றுள் 'பிரின்ஸ்' என்ற நீராவிக் கப்பலும் ஒன்று. படைவீரர்களுக்கான குளிர்கால உடைகள் அந்தக் கப்பலில்தான் வந்திருந்தன. அவை கடலுக்குள் போயின. பின்னர் வந்த பொருள்களும் துறைமுகத்தில் குவிந்து கிடந்தனவேயன்றி, சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் மேட்டில் இருந்த பாசறைகளுக்கு எளிதில் போய்ச் சேரவில்லை. இடையில் இருந்த பாதை சேறாகிவிட்டது. இழுக்கும் விலங்குகள் மடிந்துவிட்டன. 1855-இல் இருப்புப்பாதை போட்ட பிறகே நிலைமை சீரடைந்தது. அந்தப் போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர் ஏறத்தாழ 21,000 பேரில், 16,000-க்கும் மேற்பட்டோர் நோயால் மாண்டவர்கள். கோடையில் வந்த காலராவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. எனினும் அந்தக் குளிர்காலம் தின்றது சிறிய தொகையன்று.

'தி டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் எழுதியனுப்பிய செய்திகள் பிரிட்டனை உலுக்கின. அரசால் ஆகாததை வீட்டுப் பெண்கள் செய்யத் தொடங்கினர். கம்பளி நூலால் தொப்பிகளும் கையுறைகளும் கழுத்துத் துணிகளும் பின்னிக் களத்துக்கு அனுப்பினர். தலையையும் கழுத்தையும் சேர்த்து மூடும் குல்லாய் இந்தப் பின்னல் மரபின் பிள்ளை.

இங்கு ஒரு திருத்தம் தேவை. போர்க்களத்திலேயே அக்குல்லாய்க்குப் பாலக்லாவா என்ற பெயர் வழங்கியதாகப் பலரும் எழுதுவதுண்டு. ஆனால் 'பாலக்லாவாத் தலைக்கவசம்' என்ற பெயர் அச்சில் காணக் கிடைப்பது 1880-களில்தான். போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து, நினைவில் தங்கியிருந்த குளிரின் பெயரால் குல்லாய் அழைக்கப்பட்டது. அதே போர் உடைக்குத் தந்த பெயர்கள் இன்னும் இரண்டு: கார்டிகன், ராக்லன். இவை இரண்டும் படைத்தலைவர்களின் பெயர்கள். சாமானிய வீரன் நடுங்கி நின்ற ஊரின் பெயரைத் தாங்குவது குல்லாய் மட்டுமே.

மூச்சைத் திருப்பித் தந்த மருத்துவர்

இனிப் போருக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னே செல்வோம். ஜூலியஸ் ஜெஃப்ரிஸ் என்பவர் 1800-இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வட இந்தியாவில் பணியாற்றி, 1830-களில் இங்கிலாந்து திரும்பினார். இந்திய வெயிலில் பிரிட்டிஷ் படைவீரர் மடிவதைத் தகுந்த உடையாலும் உறைவிடத்தாலும் தடுக்க முடியும் என்று வாதிட்டு, 1858-இல் பெரிய நூல் ஒன்றையே எழுதியவர். வெப்ப நாட்டில் காற்றையும் ஈரத்தையும் பற்றிச் சிந்தித்த அந்த மனிதர்தாம், தாய்நாட்டின் குளிரில் நெஞ்சுநோயாளிகள் இருமுவதைக் கண்டு ஒரு கருவியைச் செய்தார். அதற்கு 'ரெஸ்பிரேட்டர்' என்று பெயரிட்டு 1836-இல் காப்புரிமை பெற்றார்.

கருவி எளியது. வாயின் மேல் பொருந்தும் சிறு கவசம். அதனுள் மெல்லிய உலோகக் கம்பிகளால் ஆன வலைகள் பல அடுக்குகளாக இருக்கும். மூச்சை விடும்போது வெதுவெதுப்பான ஈரக்காற்று அந்த வலைகளின் வழியே வெளியேறும். உலோகம் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஈரமும் கம்பிகளின் மேல் படியும். அடுத்த மூச்சை இழுக்கும்போது வெளியிலிருந்து வரும் குளிர்ந்த, உலர்ந்த காற்று அதே வலைகளைக் கடந்து, விட்டுச் சென்ற சூட்டையும் ஈரத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு உள்ளே போகும். நெருப்பும் வேண்டா, எரிபொருளும் வேண்டா. நம் மூச்சு நமக்கே திருப்பித் தரப்படுகிறது, அவ்வளவுதான்.

நண்பரின் கேள்விக்கான விடை இங்கேயே கிடைத்துவிட்டது எனலாம். துணி குளிரைத் தடுப்பதில்லை. வெளியே போகவிருந்த சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. உலோக வலை செய்த வேலையையே மஃப்ளரின் இழைகள் சற்றுக் குறைந்த திறனோடு செய்கின்றன. கிரிமியாவுக்குக் குல்லாய் பின்னிய பெண்களும், உப்சாலாவுக்குத் தொலைபேசியில் பேசிய தாயாரும் ஜெஃப்ரிஸைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் சொன்னது அவர் சொன்னதையே.

ஜெஃப்ரிஸ் கண்ட நெறி இன்றும் மருத்துவமனைகளில் உயிரோடிருக்கிறது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு மூக்கின் உதவி இல்லை. அவர்களுடைய குழாயின் வாயில் வைக்கப்படும் 'செயற்கை மூக்கு' என்னும் சிறு சிமிழ், விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து இழுக்கும் மூச்சுக்குத் தருகிறது.

இல்லாத நோயும் இருந்த நோயும்

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' மிதிவண்டியும், 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த சக்கரமும் வந்தபின் மேற்குலகம் மிதிவண்டிப் பித்தில் ஆழ்ந்தது. அப்போது சில மருத்துவர்கள் 'மிதிவண்டி முகம்' என்றொரு நோயைக் கண்டுபிடித்தனர். சமநிலை காக்கும் பதற்றத்தால் முகம் இறுகி, கண்கள் பிதுங்கி, உதடுகள் வலிந்து, அந்தக் கோலமே நிலைத்துவிடும் என்று அச்சுறுத்தினர். பெரும்பாலும் இந்த அச்சுறுத்தல் பெண்களை நோக்கியே இருந்தது. காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. அப்படியொரு நோய் இருக்கவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய முகமும் தொண்டையும் வேறு வகையில் இருந்தன. மூக்கால் மூச்சுவிடு, வாயை மூடு என்ற அறிவுரை அக்காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரை ஓவியங்களாகத் தீட்டிய ஜார்ஜ் கேட்லின் 1860-களின் தொடக்கத்தில் இதற்கெனவே ஒரு நூல் எழுதினார். அறிவுரை நல்லதே. ஆனால் மிதிவண்டி ஓட்டுபவன் அதை ஓரளவுக்கு மேல் கடைப்பிடிக்க இயலாது. ஏன் என்பதைக் கணக்காகப் பார்ப்போம்.

சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். அதை மூக்கே சூடாக்கி ஈரமாக்கிவிடும். நன்றாக மிதிக்கத் தொடங்கித் தேவை 40 லிட்டரை நெருங்கும்போது பெரும்பாலோர்க்கு மூக்கு போதாமல் வாய் திறந்துகொள்கிறது. மேடேறும் பந்தய வீரரின் தேவை 100 லிட்டரையும் தாண்டும். குளிர்ந்த காற்றில் நீராவி தங்க இடமில்லை. உடல் வெப்பத்தில், அதாவது 37 பாகை செல்சியசில், ஒரு கனமீட்டர் காற்று சுமார் 44 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்கு 10 பாகை கீழே அதே காற்று தாங்குவது 3 கிராமுக்கும் குறைவு. எஞ்சிய 40 கிராமுக்கு மேற்பட்ட நீரைத் தரவேண்டியவை நம் தொண்டையும் மூச்சுக்குழல்களுமே. நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் ஓட்டினால், உள்ளே போகும் காற்றை நனைக்க மட்டும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் நீர் தேவை. விடும் மூச்சில் ஒரு பகுதி மூக்கில் திரும்பப் படியும். வாய் திறந்திருந்தால் அதுவும் குறைந்துபோகும்.

எனவே, தொண்டையை அரிப்பது குளிர் மட்டுமன்று, வறட்சியும்தான். மூச்சுக்குழலின் உட்பரப்பில் உள்ள மெல்லிய நீர்ப்படலம் வற்றும்போது அதிலுள்ள உப்பின் செறிவு கூடுகிறது. அதனால் தூண்டப்பட்டுச் சிலருக்குக் குழல்கள் சுருங்குகின்றன. வண்டியை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் நண்பருக்கு இருமல் வந்ததன் காரணம் இதுவே. பனிச்சறுக்கு வீரர்களிடையே ஆஸ்துமா மிகுந்திருப்பதை 1993-இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஆய்ந்து வெளியிட்டனர். நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளை உறைநிலைக்கு 20 பாகை கீழே சென்றால் நடத்தலாகாது என்ற விதியும் உண்டு.

தானே உண்டாக்கும் காற்று

தொண்டையின் கதை இதுவென்றால் முகத்தின் கதை வேறு. நடப்பவனுக்கும் மிதிவண்டியில் செல்பவனுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இலை அசையாத நாளிலும் மிதிவண்டிக்காரன் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதன் எதிரே செல்கிறான்.

இந்தக் காற்றின் கடுமையை முதலில் அளந்தவர்கள் அண்டார்க்டிகாவில் தங்கிய பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசெல் என்னும் இருவர். நீர் நிரம்பிய சிறு உருளையை வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துவைத்தனர். அவர்கள் முடிவு 1945-இல் வெளியாயிற்று. ஆனால் உருளை முகமாகுமா? 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் அந்தக் கணக்கைத் திருத்தின. குளிர்காற்றுச் சுரங்கத்தில் தன்னார்வலர்களை நடக்கவிட்டு, அவர்கள் கன்னத்திலும் மூக்கிலும் தாடையிலும் நெற்றியிலும் உணரிகளை ஒட்டி அளந்தனர். உடலின் எல்லாப் பகுதிகளையும் விட்டு முகத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது: குளிர்காலத்தில் மூடப்படாமல் இருப்பது முகமே. அந்தக் கணக்கின்படி, உறைநிலைக்கு 10 பாகை கீழே உள்ள நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று முகத்தில் அறைந்தால், அது உறைநிலைக்கு 20 பாகை கீழே உள்ள நாளுக்கு நிகர். நல்ல வேகத்தில் செல்லும் மிதிவண்டிக்கு இந்தக் காற்று இலவசம்.

குளிர் நாடுகளில் முகத்தில் களிம்பு பூசிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பின்லாந்தில் படைவீரர்களிடையே நடந்த ஆய்வுகள் இதை மறுத்தன. களிம்பு பூசியவர்களுக்குச் சூடாக இருப்பதுபோலத் தோன்றுகிறதே தவிர, தசை உறையும் ஆபத்து குறைவதில்லை. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய்யான துணிச்சலால் ஆபத்து கூடவும் செய்கிறது. முகத்துக்குத் துணிதான் காப்பு.

இரண்டு பனி நாள்கள்

1980 ஏப்ரல் 20. பெல்ஜியத்தில் லியேஜ் நகரிலிருந்து பாஸ்டோன் சென்று மீளும் பழம்பெரும் பந்தயம். புறப்பட்ட சிறிது நேரத்தில் பனி கொட்டத் தொடங்கியது. தொடங்கியவர் 174 பேர். முடித்தவர் 21 பேர். வழியெங்கும் வீரர்கள் இறங்கி வண்டிகளுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் புகுந்துகொண்டனர். பிரான்சின் பெர்னார் இனோ சுமார் 80 கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்போது தனியே முன்னேறி, இரண்டாவதாக வந்தவரைவிட 9 நிமிடம் 24 நொடி முன்னதாக வந்து வென்றார். அன்று அவர் தலையில் இருந்தது சிவப்பு நிறக் குரங்குக் குல்லாய். கிரிமியாவின் சேற்றில் நின்ற வீரர்களின் நினைவைத் தாங்கிய அதே உடை, ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து மிதிவண்டிப் பந்தயம் ஒன்றின் வெற்றிக்கோட்டைக் கடந்தது. ஆனால் இனோவின் கைவிரல்கள் இரண்டு அன்றைய குளிரில் பட்ட பாட்டிலிருந்து முழுமையாக மீளவேயில்லை. வென்றவரிடமும் குளிர் தன் பங்கை வாங்கிக்கொண்டது.

1988 ஜூன் 5. இத்தாலியச் சுற்றுப் பந்தயம், காவியா கணவாய், 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். கோடையின் வாயிலில் பனிப்புயல். கணவாயின் உச்சியை முதலில் கடந்தவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே. குளிருடை ஏதுமின்றி அரைக்கைச் சட்டையோடு கடந்தார். ஏறும்போது உடலுழைப்பின் சூடு காத்தது. இறங்கும்போது உழைப்பு நின்றது, காற்று மட்டும் பெருகியது. சிறிது தூரத்திலேயே அவரால் மேலே செல்ல இயலவில்லை. ஒதுங்கிச் சூடேற்றிக்கொண்டு, வென்றவருக்கு 47 நிமிடம் பின்னால் வந்துசேர்ந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவோ வானிலையைக் கேட்டறிந்து, பனிச்சறுக்குக் கடைகளில் குளிருடைகளை வாங்கி வைத்திருந்தது. அன்று இரண்டாவதாக வந்த அவர் தலைவருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்று, இறுதிவரை அதை இழக்கவில்லை. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாட்டை வீரம் என்று சொல்ல மாட்டோம். முன்யோசனை என்போம்.

நண்பருக்கு நாம் எழுதிய மறுமொழி

இவ்வளவையும் திரட்டியபின் உப்சாலா நண்பருக்கு எழுதினோம். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல்வரை இழுத்துவிட்டுக்கொள்ளவும். ஆனால் மூச்சுமுட்டும்படி இறுக்க வேண்டா. பருத்தி ஈரத்தைக் குடித்து உறைந்து பலகையாகிவிடும், கம்பளி நன்று. நெடுந்தூரம் செல்வதாயின் மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, மூக்கால் மூச்சுவிட முடிந்தவரை விடவும். காது, மூக்கு நுனி, கன்னம் இவற்றில் உணர்வு மரத்து வெளுத்தால் உடனே வீட்டுக்குள் செல்லவும். இத்தனைக்குப் பிறகும் இருமலோ மூச்சிரைப்போ நின்றபாடில்லையென்றால் மருத்துவரைக் காணவும், ஏனெனில் துணி மருந்தாகாது.

நண்பர் மருத்துவரையும் கண்டார், குல்லாயும் அணிந்தார். இருமல் பெரிதும் தணிந்துவிட்டதாகப் பின்னர் எழுதினார். ஊரிலிருந்து பார்சலில் வந்த குல்லாய் அது. பழுப்பு நிறம், உச்சியில் ஒரு குஞ்சம். அதை அணிந்த படத்தைத் தாயாருக்கு அனுப்பியிருக்கிறார். "இப்பத்தான் பார்க்க மனுசனா இருக்க" என்று மறுமொழி வந்ததாம்.

தாயார் சொன்ன காரணத்தில் குளிர் நெஞ்சுக்குள் போகிறது. நூல்கள் சொல்லும் காரணத்தில் நெஞ்சின் ஈரம் வெளியே போகிறது. திசை மட்டும் மாறியிருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்றே. அடுத்த மார்கழியில் குரங்குக் குல்லாய் அணிந்த பெரியவர் ஒருவர் மிதிவண்டியில் எதிரே வந்தால், நாம் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் பாலக்லாவாவை நினைத்துக்கொள்வோம்.